பட்டறையையும் விடாமல், பட்டாலியனிலும் சேர: டெரிடோரியல் ஆர்மிக்கு ஒரு வழிகாட்டி

பாகிஸ்தானோடு மோதல் நடந்துகொண்டிருந்த சமயம், 2025 மே 9ஆம் தேதி சாயங்காலம் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி சுற்றியது. "டெரிடோரியல் ஆர்மி மொத்தத்தையும் போருக்குக் கூப்பிட்டாச்சு!" கோவையில் லேத் பட்டறை வைத்திருக்கும் அக்கா மகன் அடுத்த நிமிடமே போன் போட்டான்.

"ஏனுங்க மாமா, இது எந்த ஆர்மிங்க? பேங்க் லோன் இருக்கறவனையுங் கூப்புடுவாங்களா?"

"நீ அதுல இல்லியே மாப்ள, உன்னைய எதுக்குக் கூப்புடறாங்க?"

"செரி, சேரோணும்னா?"

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லி முடிக்க ஒரு மணி நேரம் பிடித்தது. சொந்தப் பிழைப்பை வைத்துக்கொண்டே பகுதிநேரமாக ராணுவத்தில் இருப்பதுதான் டெரிடோரியல் ஆர்மி. அன்று பேசியதைத்தான் கொஞ்சம் ஒழுங்குபடுத்தி இங்கே எழுதுகிறேன்.

முதலில் அந்த வாட்ஸ்அப் செய்தி. அதில் பாதி உண்மை. 1948ஆம் ஆண்டு டெரிடோரியல் ஆர்மி விதிகளில் 33ஆவது விதியின்படி, இந்தப் படையின் எந்த அதிகாரியையும் எந்த வீரரையும் பணிக்கு அழைத்துக்கொள்ளலாம் என்று தரைப்படைத் தளபதிக்கு மத்திய அரசு அதிகாரம் கொடுத்தது. அறிவிப்பின் தேதி மே 6. இருக்கிற 32 காலாட்படை பட்டாலியன்களில் 14ஐப் பணியில் இறக்கலாம் என்றும், உத்தரவு 2028 பிப்ரவரி 9 வரை செல்லும் என்றும் அதில் இருந்தது. அதாவது "எல்லாரும் கிளம்புங்கள்" என்று யாரும் சொல்லவில்லை. "தேவைப்படும்போது தேவைப்படுபவர்களைக் கூப்பிட்டுக்கொள்" என்ற அனுமதி, அவ்வளவுதான். இந்த வித்தியாசம் பிடிபட்டால் டெரிடோரியல் ஆர்மி பாதி புரிந்த மாதிரி.

இது என்ன, எது இல்லை

நம் பத்திரிகைகள் "பிராந்திய ராணுவம்" என்று எழுதுகின்றன. உள்ளே இருப்பவர்களுக்கு அது வெறும் "டி.ஏ."

பலர் இதைத் துணை ராணுவம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். சி.ஆர்.பி.எஃப்., பி.எஸ்.எஃப். போன்றவை உள்துறை அமைச்சகத்தின் கீழ் வரும் முழுநேர வேலைகள். ஊர்க்காவல் படை போலீசோடு சேர்ந்து நிற்பது. டி.ஏ. இரண்டும் இல்லை. அது பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழ் உள்ள தரைப்படையின் ஒரு பகுதியே. அதே சீருடை, அதே பதவிப் பெயர்கள், பணியில் இருக்கும் நாளில் அதே ராணுவச் சட்டம். ஒரே வேறுபாடு, அதில் இருப்பவருக்கு வெளியே இன்னொரு பிழைப்பு இருக்கும். இருந்தே ஆக வேண்டும்.

வெள்ளைக்காரர் காலத்திலேயே 1920இல் இதற்கு ஒரு சட்டம் போட்டார்கள். ஐரோப்பியருக்கும் ஆங்கிலோ இந்தியருக்கும் ஒரு படை, இந்தியருக்குத் தனியாக இன்னொன்று என்று பிரித்துதான் வைத்தார்கள். விடுதலைக்குப் பிறகு 1948இல் புதுச் சட்டம் வந்தது. 1949 அக்டோபர் 9 அன்று படையை முறைப்படி தொடங்கிவைத்தவர் அப்போதைய கவர்னர் ஜெனரல் ராஜாஜி. இன்றும் அந்தத் தேதியில்தான் டி.ஏ. தினம். 1962, 1965, 1971 என மூன்று போர்களிலும் இந்தப் படை பங்கெடுத்திருக்கிறது.

வேலை என்ன? முழுநேர ராணுவத்தைக் காவல் போன்ற ஓரிடத்துப் பணிகளிலிருந்து விடுவித்து முன்னால் அனுப்புவது. பேரிடரிலும், அத்தியாவசியச் சேவைகள் நின்றுபோகும்போதும் மாவட்ட நிர்வாகத்துக்குக் கைகொடுப்பது. தேவைப்பட்டால் முழு பட்டாலியனாகவே ராணுவத்தோடு போய் நிற்பது.

ரயில்வேயும் ஓ.என்.ஜி.சி., இந்தியன் ஆயில் மாதிரியான எண்ணெய் நிறுவனங்களும் தங்கள் ஊழியர்களைக் கொண்டே டி.ஏ. பிரிவுகள் வைத்திருப்பது இரண்டாவது காரணத்துக்காகத்தான். போரோ வேலைநிறுத்தமோ வந்தால் எஞ்சினை ஓட்டவும் எண்ணெயை அனுப்பவும் தொழில் தெரிந்த ஆள் வேண்டும். சிப்பாய்க்கு அதை ஒரே ராத்திரியில் சொல்லிக்கொடுக்க முடியாது.

எனக்குப் பிடித்தது சுற்றுச்சூழல் பட்டாலியன்கள். முசூரி மலைச்சரிவுகளைச் சுண்ணாம்புக்கல் குவாரிகள் மொட்டையாக்கிவிட்டிருந்தன. 1982இல் 127ஆவது பட்டாலியனைத் தொடங்கி, ஓய்வுபெற்ற சிப்பாய்களை அங்கே மரம் நட அனுப்பினார்கள். கன்று நட்டு, வேலி போட்டு, ஆடுமாடு மேயாமல் காவல் காத்து, அந்த மலையைத் திரும்பப் பச்சையாக்கினார்கள். டெல்லியில் 'பாட்டி' (Bhatti) என்ற இடத்தின் பழைய சுரங்கப் பகுதியிலும் இப்படி ஒரு பட்டாலியன் வேலை செய்தது. துப்பாக்கி பிடித்த கை மண்வெட்டி பிடிப்பதும் நாட்டுக் காவல்தான் என்று ராணுவமே கணக்கில் எழுதியிருக்கிறது.

பேரிடரில் எப்படி வந்து சேருகிறார்கள்

வெள்ளமோ நிலச்சரிவோ வந்தவுடன் ராணுவம் தானாக இறங்கிவிடாது. முதலில் வருவாய்த் துறை, தீயணைப்பு, போலீஸ், பிறகு மாநில, தேசியப் பேரிடர் மீட்புப் படைகள். தேசியப் படையின் 4ஆவது பட்டாலியன் நம் அரக்கோணத்தில்தான் இருக்கிறது. இவர்களால் சமாளிக்க முடியாத நிலையில் மாநில அரசு ராணுவத்தைக் கேட்கும். தலைபோகிற அவசரம் என்றால் மேலிடத்து உத்தரவுக்குக் காத்திராமல் மாவட்ட ஆட்சியரே பக்கத்து ராணுவ முகாமின் அதிகாரியிடம் உதவி கேட்கலாம். டி.ஏ.வின் பலம் இந்த இடத்தில்தான்: அது பக்கத்திலேயே இருக்கிறது. கோவையில் மெட்ராஸ் ரெஜிமென்ட்டைச் சேர்ந்த 110ஆவது பட்டாலியன், திருச்சியில் 117, கேரளத்தில் 122.

2024 ஜூலை 30 விடியற்காலை வயநாட்டில் முண்டக்கையும் சூரல்மலையும் மண்ணுக்குள் போனபோது, முதலில் கிளம்பிய ராணுவக் குழுக்களில் இந்த 122ஆவது பட்டாலியன் ஆட்கள் இருந்தார்கள். ஆற்றின் மேல் 190 அடி பெய்லி பாலத்தை (துண்டு துண்டாகக் கொண்டுவந்து கோக்கும் இரும்புப் பாலம்) கட்டியது முழுநேர ராணுவமான மெட்ராஸ் எஞ்சினியர் குரூப். வேலைப் பங்கீட்டைப் பாருங்கள்: தொழில்நுட்பமும் கனரக இயந்திரமும் முழுநேரப் படையிடம், சீக்கிரம் போய்ச் சேர்வதும், மலையும் மொழியும் தெரிந்த ஆட்களும் டி.ஏ.விடம். மூன்று நான்கு நாள் கழித்து நடிகர் மோகன்லால் சீருடையில் வந்து நின்ற படங்களைப் பார்த்திருப்பீர்கள். அவர் அந்தப் பட்டாலியனின் கௌரவ லெப்டினன்ட் கர்னல்.

கௌரவப் பதவி வேறு, சேருவது வேறு. 2011இல் தோனிக்குக் கிடைத்தது கௌரவப் பதவி. சச்சின் பைலட்டும் அனுராக் தாக்கூரும் அரசியலில் இருந்துகொண்டே தேர்வு முறைப்படி லெப்டினன்ட் ஆனவர்கள். நமக்கான வழி இந்த இரண்டாவதுதான்.

முதல் படி: சம்பாத்தியம் இருக்கிறதா?

மற்ற ஆள்சேர்ப்புகளில் வேலை இல்லாதவர் வரிசையில் நிற்பார். டி.ஏ. அதிகாரித் தேர்வு தலைகீழ். வருமானத்துக்கு வழி இருப்பவர் மட்டுமே விண்ணப்பிக்கலாம். அரசு ஊழியர், தனியார் ஊழியர், வக்கீல், கடைக்காரர், சொந்தத் தொழில் செய்பவர் எல்லாரும் சரி. ஆனால் அதைக் காகிதத்தில் காட்ட வேண்டும். ஊழியர் என்றால் அலுவலகத்தின் தடையில்லாச் சான்று. சொந்தத் தொழில் என்றால் ஆண்டு வருமானத்தைச் சொல்லும் உறுதிமொழிப் பத்திரம், பான் கார்டு. ஏற்கெனவே ராணுவத்திலோ போலீசிலோ துணை ராணுவத்திலோ பணியில் இருப்பவர் விண்ணப்பிக்க முடியாது.

அக்கா மகன் இங்கேதான் திருதிருவென்று முழித்தான். பட்டறையில் பணம் புரளுகிறது; வருமான வரிக் கணக்கு ஒரு வருடம்கூட ஒழுங்காகத் தாக்கல் செய்யவில்லை. உங்கள் கதையும் இதுதான் என்றால், ஓடிப் பழகுவதற்கு முன்னால் ஆடிட்டரைப் பாருங்கள்.

வயது 18 முதல் 42 வரை. அக்னிபத்தில் இருபதுகளின் தொடக்கத்திலேயே கதவு மூடிவிடுகிறது என்று வருத்தப்படுபவர்கள் இதைக் கவனிக்கலாம். அதிகாரியாகப் பெண்களும் சேரலாம், 2018இல் டெல்லி உயர் நீதிமன்றம் அந்தத் தடையை விலக்கியது.

இரண்டாம் படி: அதிகாரியா, ஜவானா?

இரண்டும் தனித்தனிப் பாதைகள். பட்டம் பெற்றவர் அதிகாரித் தேர்வு எழுதலாம். ஜவான் ஆக ஆள்சேர்ப்புத் திடலுக்குப் போக வேண்டும், இது ராலி என்று எல்லாராலும் அழைக்கப்படுவது. பொதுப்பணி ஜவானுக்குப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சியும் மொத்தத்தில் 45 சதவீதமும் கேட்கிறார்கள். கிளார்க் பணிக்குப் பன்னிரண்டாம் வகுப்பில் கூடுதல் மதிப்பெண் வேண்டும். சமையல், முடிதிருத்தம், சலவை போன்ற தொழிலாளர் பிரிவுகளும் உண்டு. அங்கே தொழிலைச் செய்துகாட்டச் சொல்வார்கள்.

"நான் பி.இ., அதிகாரிதான்" என்று உடனே முடிவு கட்டிவிடாதீர்கள். 2025இல் நாடு முழுவதற்கும் அறிவிக்கப்பட்ட அதிகாரி இடங்கள் 19. ஆண்களுக்கு 18, பெண்களுக்கு 1. எழுத்துப் பிழை இல்லை, பத்தொன்பதேதான்.

மூன்றாம் படி: அதிகாரித் தேர்வு

அறிவிப்பு படையின் அதிகாரபூர்வ இணையதளத்தில் வரும், விண்ணப்பமும் அங்கேயே. எழுத்துத் தேர்வில் ஒரு தாள் காரண அறிவும் அடிப்படைக் கணக்கும், இன்னொன்று பொது அறிவும் ஆங்கிலமும். ஒவ்வொன்றிலும் குறைந்தது 40 சதவீதம், சராசரியாக 50 சதவீதம். தவறான விடைக்கு மதிப்பெண் கழிப்பார்கள். வங்கித் தேர்வுக்குப் படித்த பழக்கம் இருப்பவருக்கு இது பெரிய மலை இல்லை.

மலை அடுத்து வருகிறது: எஸ்.எஸ்.பி., அதாவது ராணுவ அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்கும் வாரியம். ஐந்து நாள் அங்கேயே தங்கித் தேர்வு. முதல் நாளே பாதிக்கு மேல் ஆட்களைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். மங்கலான ஒரு படத்தைக் காட்டி, கதை எழுதச் சொல்லி, பிறகு குழுவாகப் பேசவிடுவார்கள். தாண்டியவர்களுக்கு மறுநாள் உளவியல் தேர்வு: கதை எழுத 12 படங்கள், அதில் கடைசி ஒன்று வெறும் வெள்ளை, பிறகு 60 சொற்கள், 60 சூழ்நிலைகள். அதன்பின் மைதானத்தில் குழுவாகக் கட்டை, கயிறு, பீப்பாய் வைத்துத் தடை தாண்டுவது, நேர்காணல், கடைசி நாள் மொத்தக் குழுவும் உட்காரும் கான்ஃபரன்ஸ்.

நம் பிள்ளைகள் பலர் இங்கே ஆங்கிலத்துக்குப் பயப்படுகிறார்கள். நான் பார்த்தவரை, சறுக்கிவிடுவது மனப்பாடம். கோச்சிங்கில் சொல்லிக்கொடுத்த அதே கதையை எல்லாரும் எழுதினால் உளவியலாளருக்குத் தெரியாதா? லேத்தில் கட்டிங் டூல் உடைந்த ராத்திரி, மறுநாள் காலை டெலிவரி. எப்படிச் சமாளித்தாய் என்பதைத் தட்டுத்தடுமாறிச் சொன்னாலும் அதில் ஆள் இருப்பான்.

பிறகு மருத்துவப் பரிசோதனை. எழுத்துத் தேர்வுக்கும் எஸ்.எஸ்.பி.க்கும் நடுவே ஆரம்ப நேர்காணல் இருக்கிறதா என்பதை அந்தந்த வருட அறிவிப்பில் பார்த்துக்கொள்ளுங்கள்.

நான்காம் படி: ராலி

கோவை பட்டாலியன் ராலிக்குத் தமிழ்நாடு மட்டுமல்ல, தென்மாநிலங்கள் முழுக்கவும் அதற்கு அப்பாலும் இருந்து ஆள் வருவார்கள். எந்த மாநிலத்துக்கு எந்த நாள், எந்தப் பணிக்கு எந்த நாள் என்று அறிவிப்பில் பட்டியல் இருக்கும். தேதி மாறி வந்தால் கேட் வாசலிலேயே திருப்பிவிடுவார்கள்.

விடிவதற்குள் வரிசை ஆரம்பித்துவிடும். இருட்டில் செல்போன் வெளிச்சத்தில் ஃபைலைத் திரும்பத் திரும்பச் சரிபார்க்கும் பையன்களைப் பார்க்கலாம். உயரம் அளக்கிற கம்பத்தில் 160 சென்டிமீட்டர் கோடு. மார்பளவு 77, மூச்சை இழுத்தால் 5 சென்டிமீட்டர் விரிந்து 82 ஆக வேண்டும். டேப்பைப் பிடித்திருக்கும் ஹவில்தார் "ஔர், ஔர்" என்று இந்தியில் சொல்வார். இன்னும் இழு என்று அர்த்தம். ஒரு சென்டிமீட்டரில் வீட்டுக்குப் போகிறவர்கள் உண்டு. மூன்று மாதம் நீச்சலோ தண்டாலோ செய்து பழகியவருக்கு இந்த இடம் சுலபம்.

1.6 கிலோமீட்டர் ஓட்டம் மைதானத்தை நான்கு சுற்று. கூட்டமாக ஓடவிடுவார்கள், முதல் வளைவில் முழங்கை இடிபடும். தனியாக ஓடிப் பழகியவர்கள் அங்கேதான் தடுமாறுகிறார்கள். வாரத்துக்கு ஒருநாளாவது நான்கைந்து பேரோடு சேர்ந்து ஓடுங்கள். வழக்கமாக அதன்பின் பீம் எடுப்பது (கம்பியில் தொங்கி உடலை மேலே இழுப்பது), 9 அடிப் பள்ளம் தாண்டுவது, ஜிக்ஜாக் கட்டையில் நடப்பது. பச்சை குத்தியிருந்தால் எந்த இடத்தில் அனுமதி என்பதை முன்கூட்டியே பார்த்துவிடுங்கள்.

காகிதங்கள்: பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்று, மாற்றுச் சான்று, ஆதார், பான், இருப்பிடச் சான்று, சாதிச் சான்று, நன்னடத்தைச் சான்று, ஒரு கட்டு பாஸ்போர்ட் படங்கள். எல்லாவற்றிலும் பெயரும் இனிஷியலும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று பாருங்கள். நம் ஊரின் தீராத வியாதி இது. ஆதாரில் "முருகேசன் ப", மதிப்பெண் சான்றில் "ப. முருகேசன்", பான் கார்டில் அப்பா பெயர் முழுசாக. இந்தியில் படித்த கிளார்க்குக்கு இவை மூன்று ஆட்கள். இ-சேவை மையத்தில் இரண்டு மாதம் முன்னதாகவே சரிசெய்துவிடுங்கள்.

சேர்த்துவிடுகிறேன் என்று காசு கேட்கிற ஆள் மைதானத்துக்கு வெளியே டீக்கடையில் நிச்சயம் இருப்பான். ஆள்சேர்ப்புக்கு யாரும் யாருக்கும் காசு தர வேண்டியதில்லை.

ஐந்தாம் படி: முதலாளியிடம் பேசுவது

இதை எல்லாரும் கடைசிக்கு வைக்கிறார்கள். எனக்குத் தெரிந்த ஒரு பையன், தனியார் நிறுவனத்தில் சூப்பர்வைசர், தடையில்லாச் சான்று கேட்டு மூன்று மாதம் மனிதவளப் பிரிவுக்கு நடந்தான். "இப்படி ஒரு படிவமே எங்ககிட்ட இல்லை" என்று இழுத்தடித்து ஒரு வாய்ப்பைக் கோட்டைவிட வைத்தார்கள்.

அதனால் கையோடு சட்டத்தை எடுத்துப் போங்கள். 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின் 7ஏ பிரிவு, ராணுவப் பணிக்கு அழைக்கப்பட்டவர் திரும்பி வந்ததும் அவரை முன்பிருந்த நிலைக்குக் குறையாமல் மறுபடி வேலையில் அமர்த்துவது முதலாளியின் கடமை என்கிறது. சட்டம் இருக்கிறது என்பதற்காக மேனேஜர் சிரித்த முகத்தோடு அனுப்புவார் என்று சொல்ல மாட்டேன். வருடத்துக்கு எத்தனை நாள், எந்த மாதம், உங்கள் ஷிப்டை யார் பார்ப்பது என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போனால் பேச்சு சண்டையாகாது. அரசு ஊழியர்களுக்குச் சிறப்பு விடுப்பு உண்டு.

ஆறாம் படி: சேர்ந்த பிறகு

அதிகாரிக்கு முதல் வருடம் ஒரு மாத அடிப்படைப் பயிற்சி, ஒவ்வொரு வருடமும் இரண்டு மாத முகாம், முதல் இரண்டு வருடங்களுக்குள் மூன்று மாதம் சென்னை பரங்கிமலையில் ராணுவ அதிகாரிகள் பயிற்சி மையமான ஓ.டி.ஏ.வில் பயிற்சி. லெப்டினன்ட் பதவியில் தொடங்கி, லெப்டினன்ட் கர்னல் வரை காலமுறைப் பதவி உயர்வு. அதற்கு மேல் தேர்வின்படி. ஜவானுக்கும் ஆரம்பப் பயிற்சியும் வருடாந்திர முகாமும் உண்டு.

இனி, பலருக்குப் பிடிக்காத பகுதி. உள்ளே புழங்கும் ஒரு சொல் "எம்பாடிமென்ட்". பயிற்சிக்கு அப்பால், உங்கள் பிரிவைப் பணிக்கு அழைத்து முழுநேர ராணுவத்தோடு சேர்த்துக்கொள்வது. அந்த உத்தரவு வந்துவிட்டால் "வருடத்துக்கு இரண்டு மாதம்தானே" என்ற கணக்கு செல்லாது. கோவையில் சேர்ந்தவர் ஜம்முவிலோ வடகிழக்கிலோ வருடக்கணக்கில் நிற்க நேரலாம். இந்தியாவுக்கு வெளியே மட்டும், மத்திய அரசின் உத்தரவு இல்லாமல் அனுப்ப முடியாது.

சம்பளம் பயிற்சியிலும் பணியிலும் இருக்கிற நாட்களுக்கு மட்டும். அந்த நாட்களில் முழுநேர ராணுவத்தார் வாங்குவதே உங்களுக்கும். லெப்டினன்ட்டுக்கு ஏழாவது ஊதியக்குழுப்படி அடிப்படை 56,100 ரூபாய், ராணுவப் பணி ஊதியம் 15,500. மற்ற நாட்களில் ஒரு பைசா கிடையாது. ஓய்வூதியத்துக்கு உத்தரவாதம் இல்லை. அழைக்கப்பட்டுப் பணியாற்றிய காலம் மட்டும் அதிகாரிக்கு 20 வருடமும் ஜவானுக்கு 15 வருடமும் சேர்ந்தால்தான் அந்தப் பேச்சு. பெண் பார்க்கும் இடத்தில் "பையன் மிலிட்டரி, பென்ஷன் வரும்" என்று சொல்லிவிடாதீர்கள். அப்படி ஒரு வீட்டில் பின்னால் வந்த சண்டையைக் கேட்டிருக்கிறேன்.

இத்தனை கெடுபிடி ஒத்துவராது, ஆனால் வெள்ளம் வந்தால் சும்மா உட்கார்ந்திருக்கவும் முடியாது என்பவர்களுக்கு மாவட்ட ஊர்க்காவல் படை இருக்கிறது, எஸ்.பி. அலுவலகத்தில் விசாரிக்கலாம். 1968ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் சிவில் டிஃபென்ஸும் இருக்கிறது. 2025 மே 7 அன்று சென்னையிலும் கல்பாக்கத்திலும் சைரன் ஒலித்துப் போர்க்கால ஒத்திகை நடந்ததே, அந்த ஏற்பாடுதான்.

அக்கா மகன் இந்த வருடம் முதல்முறையாக வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்துவிட்டான். விடியற்காலை வ.உ.சி. மைதானப் பக்கம் நான்கு பேரோடு ஓடுகிறான். பரங்கிமலையில் மூன்று மாதம் இருக்கும்போது லேத்தை யார் ஓட்டுவது என்று கேட்டேன். "அதான் மாமா, உங்களுக்குத்தான் ரிட்டையர்டு ஆயிருச்சே" என்கிறான்.